பழைய வீட்டுக்கு ஏன் அதிக இன்சூரன்ஸ்? – ஒரு வரலாறு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம்மூர்ப் பழமொழி. அமெரிக்காவில் பெரும்பாலானோர் வீட்டைக் கட்டுவதில்லை, கட்டியதை வாங்குகிறார்கள். எனவே அங்கே 'பழைய வீட்டை வாங்கிப் பார்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே தெருவில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1925-ல் கட்டியது, மற்றது போன வருடம் கட்டியது. பழைய வீட்டின் விலை குறைவு. கையில் இருக்கும் பணத்துக்கு இதுதான் கட்டுப்படியாகும் என்று ஒருவர் அதை விலை பேசி முடிக்கிறார். பிறகுதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறார். புதிய வீட்டைவிடப் பழைய வீட்டுக்குப் பிரீமியம் அதிகம் என்று அங்கே சொல்கிறார்கள். இன்னொரு கம்பெனியோ, பழைய வயரிங்கை மாற்றினால்தான் பாலிசி என்கிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் வங்கி வீட்டுக்கடன் தராது. கடன் இல்லாமல் வீடு இல்லை.

விலை குறைந்த பொருளுக்குக் காப்பீடு மட்டும் ஏன் அதிகம்? ஒரு காருக்கு இப்படி நடப்பதில்லை. கார் பழசாக ஆக, அதன் சேதத்துக்கான பிரீமியம் குறைந்துகொண்டே வரும். வீட்டுக்கு மட்டும் கணக்கு தலைகீழாக இருப்பதற்குப் பின்னால் முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது அமெரிக்காவில் அல்ல, லண்டனில்.

1666 செப்டம்பர் 2-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, லண்டன் நகரின் புட்டிங் லேன் என்ற சந்தில், தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டி அடுப்பிலிருந்து தீப்பிடித்தது. நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் எரிந்தன. இந்தத் தீயைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்களில்கூடப் படிக்கலாம். அதிகம் பேசப்படாதது அதற்குப் பின் நடந்ததுதான். அன்றைய லண்டனில் பலர் நீண்டகாலக் குத்தகையில் குடியிருந்தார்கள். வீட்டைப் பழுது பார்ப்பதும், தேவைப்பட்டால் திரும்பக் கட்டுவதும் குடியிருப்பவர் பொறுப்பு என்று பல குத்தகைப் பத்திரங்களில் எழுதியிருந்தது. வீடு எரிந்து சாம்பலான பிறகும் அந்தப் பத்திரம் செல்லும்! இல்லாத வீட்டுக்கு வாடகையும் கட்ட வேண்டும், வீட்டையும் சொந்தச் செலவில் எழுப்ப வேண்டும். இந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே பாராளுமன்றம் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. 'தீ நீதிமன்றம்' என்றே அதற்குப் பெயர். யார் எவ்வளவு இழப்பைத் தாங்குவது என்று நீதிபதிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் பேசி முடித்தார்கள்.

அந்த இழப்பை முன்கூட்டியே பலர் பங்கு போட்டுக்கொண்டால் என்ன என்ற யோசனையை வியாபாரமாக்கியவர் நிக்கோலஸ் பார்பன். ஹாலந்தில் மருத்துவம் படித்தவர். ஆனால் அவர் பணம் சம்பாதித்தது மருத்துவத்தில் அல்ல, கட்டடத் தொழிலில். எரிந்த நகரில் மனைகளை வாங்கி, வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் கட்டி விற்றார். 1680-ம் ஆண்டு வாக்கில் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் பின்புறம் ஒரு தீக்காப்பீட்டு அலுவலகத்தைத் திறந்தார். அவர் வைத்த கட்டணம் மிக எளிது. செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் இரண்டரை சதவீதம். மர வீட்டுக்கு ஐந்து சதவீதம்.

இந்த இரண்டு எண்களில்தான் எல்லாம் இருக்கிறது. 1667-ல் வந்த மறுகட்டுமானச் சட்டப்படி நகரின் எரிந்த பகுதியில் இனிமேல் செங்கல் அல்லது கல் வீடுகள்தான் கட்ட வேண்டும். அப்படியானால் நகரத்துக்குள் மர வீடு என்றால் எது? பெரும்பாலும் தீக்குத் தப்பிப் பிழைத்த பழைய வீடுதான். பார்பனின் கட்டணப் பட்டியலில் 'பழைய வீடு' என்ற சொல்லே இல்லை. ஆனால் இரட்டைக் கட்டணம் விழுந்தது பழைய வீட்டின் தலையில். தீயிலிருந்து தப்பிய வீட்டுக்கு அபராதம், எரிந்து புதிதாக எழுந்த வீட்டுக்குச் சலுகை! பார்பன் கட்டி விற்றதெல்லாம் செங்கல் வீடுகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய வியாபார மூளை புரியும். அதற்காக அவருடைய கணக்கைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. மரம் எரியும், செங்கல் எரியாது என்பது நான்கு நாட்களில் ஊருக்கே தெரிந்துபோன பாடம்.

இந்த முறை அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. அமெரிக்கக் குடியேற்றங்களில் முதல் முயற்சி சார்ல்ஸ்டன் நகரில் 1730-களின் நடுவில் நடந்தது. 1740-ல் அந்த ஊரில் பிடித்த பெருந்தீ அந்தச் சங்கத்தையே முடித்துவிட்டது. நிலைத்து நின்றது பிலடெல்பியாவில் 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'பிலடெல்பியா கான்ட்ரிபியூஷன்ஷிப்'. இன்றும் அது இயங்குகிறது.

இந்தச் சங்கம் செய்த முக்கியமான காரியம், பாலிசி கொடுக்கும் முன் ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்தது. சுவர் எத்தனை அங்குலக் கனம், எத்தனை மாடி, மாடிப்படி எப்படி, உள்ளே மரவேலைப்பாடு எவ்வளவு என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் கட்டணம். முழுக்க மரத்தால் ஆன வீடுகளை ஏற்க மறுத்தார்கள். 1781-ல் வீட்டுக்கு முன்னால் மரம் நின்றாலும் காப்பீடு இல்லை என்று முடிவெடுத்தார்கள். தீப்பிடித்தால் ஏணி சாத்தவும் தண்ணீர் பீய்ச்சவும் மரம் இடைஞ்சல் என்பது காரணம். நிழலை இழக்க மனமில்லாத வீட்டுக்காரர்கள் 1784-ல் தனியாகப் பிரிந்து 'மியூச்சுவல் அஷ்யூரன்ஸ்' என்ற இன்னொரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய தகட்டில் இருந்தது ஒரு பச்சை மரம். காப்பீட்டு வரலாற்றில் இவ்வளவு அழகான பதிலடி வேறு இல்லை எனலாம்.

ஆனால் ஒரு சின்ன ஊரில் ஆள் அனுப்பிப் பார்ப்பது சரி. நாடு வளர்ந்தபோது என்ன செய்வது? 1835 டிசம்பரில் நியூயார்க்கில் பெருந்தீ. ஆறு உறைந்து போகும் அளவுக்குக் குளிர். தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் பனியாக நின்றுவிட்டது. சுமார் 700 கட்டடங்கள் போயின. நகரில் இருந்த 26 தீக்காப்பீட்டுக் கம்பெனிகளில் 23 திவாலாயின. 1871-ல் சிகாகோ எரிந்தபோது 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. காப்பீடு செய்திருந்த தொகையில் ஏறக்குறைய பாதிதான் மக்கள் கைக்கு வந்தது. கம்பெனிகள் ஏமாற்றியதைவிட, கொடுக்கப் பணம் இல்லாமல் கவிழ்ந்ததே அதிகம். ஒரே தெருவில் வரிசையாகப் பத்து மர வீடுகளுக்குப் பாலிசி எழுதியிருப்பது, அவை எரிந்த பிறகுதான் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

இதற்கு விடையாக வந்தவை சான்போர்ன் வரைபடங்கள். டேனியல் ஆல்பிரட் சான்போர்ன் என்ற நில அளவையாளர் 1867-ல் பாஸ்டன் நகரின் காப்பீட்டு வரைபடத்தை வெளியிட்டார். பிறகு அவர் தொடங்கிய கம்பெனி அமெரிக்காவின் 12,000-க்கும் மேற்பட்ட ஊர்களை வீடு வீடாக அளந்து வரைந்தது. ஐம்பது அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவு. செங்கல் வீட்டுக்கு இளஞ்சிவப்பு. கல் வீட்டுக்கு நீலம். இரும்புக்குச் சாம்பல் நிறம். மர வீட்டுக்கு மஞ்சள். கூரை எதனால் ஆனது, எத்தனை மாடி, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, பக்கத்தில் லாயம் இருக்கிறதா, பேக்கரி இருக்கிறதா எல்லாம் குறியீடுகளாக இருந்தன. ஆயிரம் மைல் தூரத்தில் ஹார்ட்போர்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் படத்தைப் பிரித்தால் போதும். மஞ்சள் நெருக்கமாக இருக்கும் தெரு அவர் கண்ணில் படும். புதிய கட்டடம் எழுந்தால் அதன் படத்தைச் சிறிய காகிதத் துண்டில் அச்சடித்து அனுப்புவார்கள். பழைய படத்தின் மேல் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மாற்றம் நடந்ததைக் கவனிக்கலாம். பிலடெல்பியாவில் ஒருவர் வீட்டுக்குள் வந்து பார்த்தார். இப்போது வீடு ஒரு நிறமாக மாறிவிட்டது. மஞ்சள் வீட்டுக்காரர் எவ்வளவு கவனமானவர், அடுப்பை எப்படி அணைப்பார் என்பதற்கெல்லாம் படத்தில் இடமில்லை.

அடுத்த பெரிய மாற்றம் மின்சாரம். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் எரிந்தபோது மக்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் பயந்தன. வயர்களைப் பரிசோதிக்க வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் மின்பொறியாளரை அழைத்தார்கள். 1894-ல் அவர் தொடங்கிய பரிசோதனைக்கூடம்தான் இன்று மின்சாதனங்களின் அடியில் 'யு.எல்.' என்ற முத்திரையாகத் தெரிகிறது. 1897-ல் முதல் தேசிய மின்விதித் தொகுப்பு வந்தது. அதை உருவாக்குவதிலும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்து வயரிங்கை இன்றும் அமெரிக்கப் பழைய வீடுகளின் பரணில் பார்க்கலாம். ஒற்றைச் செப்புக் கம்பிகள் பீங்கான் குமிழ்களில் கட்டப்பட்டு ஓடும். மரச்சட்டத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் பீங்கான் குழாய் இருக்கும். ஏறக்குறைய 1880-களிலிருந்து 1940-கள் வரை இதுதான் வழக்கம். ஒழுங்காகச் செய்தது ஒழுங்காகவே இருந்தது. சிக்கல் பிறகுதான் வந்தது. நாலு பல்புக்குப் போட்ட கம்பியில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் ஏறின. எர்த் கம்பி கிடையாது. மேலே சுற்றிய ரப்பர் காய்ந்து உதிரும். திறந்த காற்றில் சூடு ஆறட்டும் என்று விட்டிருந்த கம்பியின் மேல், குளிருக்காகப் பஞ்சு போன்ற தடுப்புப் பொருளை அடைத்தார்கள். இதனால்தான் இன்று பழைய வீடு வாங்குபவரிடம் கம்பெனி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று வயரிங் எந்தக் காலத்தது என்பது. மாற்றுவதற்குச் சுவரை உடைக்க வேண்டும், செலவு ஆயிரக்கணக்கான டாலர்கள். வீட்டின் விலையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். பழசு மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. செம்பு விலை ஏறிய 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை பல வீடுகளில் போட்ட அலுமினியக் கம்பியும் இதே போல் தலைவலிதான்.

1950 வரை அமெரிக்காவில் தீக்கு ஒரு பாலிசி, திருட்டுக்கு ஒரு பாலிசி, யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் அதற்கு ஒரு பாலிசி. அந்த ஆண்டில்தான் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி 'ஹோம்ஓனர்ஸ்' என்ற ஒரே பாலிசி விற்பனைக்கு வந்தது. பழைய வீட்டின் விலைக்கும் பிரீமியத்துக்கும் உள்ள பிணக்கு முழுதாக வெளியே தெரிந்தது இதன் பிறகுதான். ஏனென்றால் இந்தப் பாலிசி கட்டடத்துக்கு ஈடு தருவது சந்தை விலைப்படி அல்ல, திரும்பக் கட்ட ஆகும் செலவுப்படி. ஒரு பழைய தொழில் நகரில் 80,000 டாலருக்கு வீடு கிடைக்கலாம். அதில் கைவேலைப்பாடு கொண்ட படிக்கட்டும், மரச்சட்டத்தின் மேல் மூன்று கைச் சாந்து பூசிய சுவரும், ஓக் மரக் கதவும் இருந்தால் அதை அப்படியே எழுப்ப 2,50,000 டாலர்கூட ஆகலாம். பிரீமியம் போடப்படுவது இரண்டாவது தொகைக்கு. அதற்கு மேல், பழைய வீடு பாதி எரிந்தால் நகராட்சி அதைப் பழைய முறையில் கட்ட விடாது. புதிய விதிப்படி வயரிங், புதிய படிக்கட்டு அளவு, எல்லாம் வேண்டும். சாதாரணப் பாலிசியில் இந்தக் கூடுதல் செலவுக்கு இடம் மிகக் குறைவு. தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் பணம். 1667-ன் லண்டன் சட்டம் ஞாபகத்துக்கு வரவில்லையா?

இதற்காகவே பழைய வீடுகளுக்கு 'எச்.ஓ.-8' என்ற தனிப் பாலிசி இருக்கிறது. ஓக் கதவு எரிந்தால் சாதாரணக் கதவுக்குப் பணம் தருவார்கள், சாந்துச் சுவருக்குப் பதில் ஜிப்சம் பலகைக்கு. பிரீமியம் கட்டுப்படியாகும். ஆனால் வீடு பழைய வீடாகத் திரும்பி வராது.

இதுவரை சொன்னதெல்லாம் மரம், செங்கல், செம்பு பற்றியது. வீட்டின் வயது இன்னொரு கணக்குக்கும் பயன்பட்டது. அது அவ்வளவு நேர்மையானது அல்ல.

1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. பகுதிகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. கடைசித் தரத்துக்குச் சிவப்பு. கட்டடங்களின் வயதும் அங்கே வாழ்பவர்களின் இனமும் ஒரே படிவத்தில் எழுதப்பட்டன. அந்த வரைபடங்களே எல்லாவற்றுக்கும் காரணமா, அல்லது ஏற்கெனவே இருந்த பழக்கத்தை எழுதி வைத்ததா என்று வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. பழக்கம் இருந்தது என்பதில் விவாதம் இல்லை. கறுப்பின மக்களுக்குப் புறநகரின் புதிய வீடுகள் கிடைக்கவில்லை. வெள்ளையர்கள் விட்டுச் சென்ற நகர்ப்பகுதியின் பழைய வீடுகள்தான் கிடைத்தன. எனவே 'இத்தனை ஆண்டுக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பாலிசி இல்லை' என்று ஒரு கம்பெனி விதி வைத்தால், யாருடைய நிறத்தையும் குறிப்பிடாமலே அது யாரைத் தள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1967 கோடையில் நூவர்க், டெட்ராய்ட் நகரங்களில் கலவரம் வெடித்த பின் கம்பெனிகள் அந்தப் பகுதிகளை விட்டு ஓடத் தொடங்கின. நியூஜெர்சி ஆளுநர் ரிச்சர்ட் ஹியூஸ் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து 1968 ஜனவரியில் அறிக்கை தந்தது. காப்பீடு இல்லையென்றால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் பழுது பார்ப்பதும் இல்லை, வாங்க ஆளும் இல்லை, தெரு தானாகவே அழியும் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத்தின் பயனாக மாநிலங்களில் 'ஃபேர் பிளான்' எனப்படும் ஏற்பாடு உருவானது. அதன் அடிப்படை விதி பிலடெல்பியாவுக்குத் திரும்பிப் போனது போல இருந்தது. அக்கம்பக்கத்தைப் பார்த்து மறுக்கக் கூடாது, அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அதில் கிடைத்த பாதுகாப்பு குறுகலானது, கட்டணமோ அதிகம். கடைசி வழி என்ற அளவில்தான் அது நின்றது.

மில்வாக்கி நகரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு எதிராகக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. தொடுத்த வழக்கில், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் காப்பீட்டுக்கும் பொருந்தும் என்று 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995-ல் ஒரு கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதன் பின் அந்தப் பத்தாண்டிலேயே சில பெரிய கம்பெனிகள், வீட்டின் வயது, குறைந்த விலை ஆகியவற்றை மட்டும் வைத்து மறுக்கும் விதிகளைக் கைவிட ஒப்புக்கொண்டன. கூரையையும் வயரிங்கையும் பார்த்துச் சொல் என்பதுதான் கேட்கப்பட்டது. வயதைப் பார்க்காதே என்று யாரும் கேட்கவில்லை, வயதோடு நிறுத்தாதே என்றுதான் கேட்டார்கள்.

வயது மட்டும் நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல என்பதை அதே 1992-ல் இயற்கையே காட்டியது. ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியது. காப்பீட்டுக் கம்பெனிகளுக்குச் சுமார் 1,550 கோடி டாலர் இழப்பு. பல சின்னக் கம்பெனிகள் மூழ்கின. இடிபாடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, 1980-களில் அவசரமாகக் கட்டிய புதிய குடியிருப்புகள் பல நொறுங்கிக் கிடக்க, அவற்றைவிடப் பழைய வீடுகள் பல நின்றுகொண்டிருந்தன. புதிய வீடுகளில் கூரைப் பலகையை உத்தரத்தோடு இணைக்க வேண்டிய ஆணிகள் உத்தரத்தில் இறங்காமல் பக்கத்தில் காற்றில் நின்றன. மேற்பார்வை பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. பார்பன் காலத்திலிருந்து வந்த 'புதியது பத்திரமானது' என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

அதற்குப் பரிகாரமாக 2002 மார்ச்சில் ஃபுளோரிடா முழுமைக்கும் ஒரே கட்டட விதி அமலுக்கு வந்தது. விளைவு, வரலாறு மறுபடியும் லண்டனுக்குப் போனது. 2002-க்குப் பின் கட்டிய வீட்டுக்குச் சலுகை. அதற்கு முன் கட்டியதெல்லாம் 'பழைய வீடு', கூடுதல் பிரீமியம். பழைய வீடு வாங்குபவரிடம் அங்கே பல கம்பெனிகள் 'நான்கு அம்சப் பரிசோதனை' கேட்கின்றன. கூரை, மின்சாரம், தண்ணீர்க் குழாய், குளிர்சாதன-வெப்ப அமைப்பு ஆகிய நான்கும் எந்த ஆண்டில் மாற்றப்பட்டன என்று பரிசோதகர் ஏறி இறங்கிப் பார்த்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட்டுத் தருவார். பரிசோதகருக்கு வாங்குபவர்தான் பணம் கட்ட வேண்டும். ஆனால் 1950-ல் கட்டிய வீடாக இருந்தாலும் கூரை புதிது, வயரிங் புதிது என்று அந்தத் தாளில் இருந்தால் பிரீமியம் இறங்கும். வீட்டுக்கு இப்போது ஒரு வயது அல்ல, நான்கு வயது.

அதிலும் பெரிய சண்டை கூரையின் வயது பற்றித்தான். கூரைக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது, எனவே புதிதாக மாற்று, இல்லையென்றால் பாலிசி இல்லை என்று கம்பெனிகள் சொல்லத் தொடங்கியபோது, நல்ல கூரையைப் பிரித்தெறிய வேண்டிய நிலைக்குப் பலர் வந்தார்கள். 2022 மே மாதம் ஃபுளோரிடா சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. 15 வயதுக்குக் குறைந்த கூரையை வயதைக் காரணம் காட்டி மட்டும் மறுக்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட கூரையானால், வீட்டுக்காரர் பரிசோதகரை அழைத்துவர வாய்ப்புத் தர வேண்டும். இன்னும் ஐந்து ஆண்டு தாங்கும் என்று அவர் எழுதித் தந்தால், வயதை மட்டும் வைத்து மறுக்க முடியாது.